நீல் தீவில் நான்கு இரவு: முதல்முறை போகிறவர்களுக்கு

கடற்கரையில் நாலு நாள் சும்மா இருந்துவிட்டு வர வேண்டும் என்ற ஆசையில் அந்தமானின் நீல் தீவுக்கு இரண்டு முறை போய்வந்தேன். முதல்முறை மே மாதக் கடைசியில், ஒரு பயண முகவர் போட்டுக் கொடுத்த திட்டப்படி போனோம். ஐந்து இரவுக்குள் மூன்று தீவு, அதில் நீல் தீவுக்கு ஒரே ஒரு இரவு. கடைசி நாள் காலை பத்து மணிக் கப்பல் காற்று மழையால் ரத்தானது. மூன்று மணி விமானம் எங்களை விட்டுவிட்டுப் போனது. மறுநாள் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் இன்னொரு பயணமே போயிருக்கலாம். கடலில் காலைக்கூட நனைக்காமல் திரும்பி வந்தோம்.

இரண்டாம் முறை எல்லாவற்றையும் நானே பதிவு செய்தேன். கணவர், அம்மா, நான் என மூன்று பேர், மார்ச் மாதம். அம்மாவுக்கு அறுபத்தாறு வயது, முழங்கால் வலி உண்டு. நான்கு நாளும் அவர் ஒரு முறைகூட "அடுத்து எங்கே?" என்று கேட்கவில்லை. அப்படி ஒரு பயணம் உங்களுக்கும் அமைய, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். அங்கே போய்ச் சும்மா இருக்க வேண்டுமென்றால், வீட்டில் இருக்கும்போதே கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

1. முதலில் மாதம்

நம் ஊரில் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்குவதால் பலரும் மே மாதத்தில் அந்தமானுக்கு டிக்கெட் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடும் முன்பே, மே மூன்றாம் வாரத்தை ஒட்டி அந்தமான் பக்கம் வந்துவிடும். அதன் பிறகு செப்டம்பர் வரை மழையும் கொந்தளிப்பும் மாறி மாறி வரும். அக்டோபர், நவம்பரில் வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானாலும் முதலில் நிற்பது தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்கள்தான்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். அதிலும் பிப்ரவரி, மார்ச் என்றால் கடல் அடங்கியிருக்கும், கூட்டமும் குறைவு. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு முடியும்வரை அறை வாடகையும் விமானக் கட்டணமும் எகிறிவிடும். அமைதி தேடிப் போகிறவர்கள் அந்தப் பத்து நாளைத் தவிர்த்துவிடுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் ஏப்ரல் கடைசி வாரத்தைப் பிடியுங்கள். வெயில் இருக்கும், ஆனாலும் மே கடைசியைவிட எவ்வளவோ மேல்.

2. எத்தனை இரவு?

நீல் தீவைச் சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர், நீல் கேந்திரா என்று ஐந்து ஊர்கள். சந்தையும், கப்பல் வந்து நிற்கும் துறையான ஜெட்டியும் நீல் கேந்திரா பக்கம். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது, ஒரு நாள் போதும்" என்று எல்லா முகவரும் சொல்வார்கள். இடங்களை எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு நாள் போதும்தான். ஓய்வுக்குப் போகிறவர்கள் குறைந்தது நான்கு இரவு தங்குங்கள். முதல் நாள் பயணக் களைப்பிலேயே போய்விடும், இரண்டாம் நாள்தான் உடம்பு தீவின் நேரத்துக்குப் பழகும்.

பக்கத்தில் உள்ள ஹாவ்லாக் தீவையும் சேர்க்க நினைத்தால் மொத்தம் எட்டு நாளாவது வேண்டும். அதற்குக் குறைவான நாள்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் ஹாவ்லாக்கை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தீவு மாற்றமும் அரை நாளைத் தின்றுவிடும்: அறையைக் காலி செய், ஜெட்டியில் காத்திரு, கப்பல் ஏறு, மறுபடி பெட்டியைத் தூக்கு.

எங்கள் திட்டம் ஆறு இரவு. போன அன்று, விமானம் இறங்கும் ஊரான போர்ட் பிளேரில் ஒன்று, நீல் தீவில் நான்கு, திரும்பி வந்து போர்ட் பிளேரில் ஒன்று. அந்தக் கடைசி இரவு ஏன் என்பதைப் பத்தாம் படியில் சொல்கிறேன். பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

3. கப்பல் நேரத்தைப் பார்த்த பிறகு விமானம்

எல்லோரும் முதலில் மலிவான விமான டிக்கெட்டைப் பிடித்துவிட்டு அப்புறம் கப்பலைத் தேடுவார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். நீங்கள் போகும் வாரத்தில் எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப விமானம் போடுங்கள். விமானம் உறுதியான அன்றே கப்பலையும் பதிவு செய்துவிடுங்கள்.

தேடும்போது பெயர்க் குழப்பம் வரும். 2018 டிசம்பரில் நீல் தீவுக்கு ஷஹீத் தீவு என்றும் ஹாவ்லாக்குக்கு சுவராஜ் தீவு என்றும் பெயர் மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஒரு தளத்தில் பழைய பெயர் இருக்கும், இன்னொன்றில் புதிய பெயர் இருக்கும். ஷஹீத் என்றால் நீல், சுவராஜ் என்றால் ஹாவ்லாக். இதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு ஜெட்டியில் தவித்த ஒரு குடும்பத்தை நேரில் பார்த்தேன்.

போர்ட் பிளேரிலிருந்து நீல் தீவுக்குப் போக இரண்டு வகைக் கப்பல் உண்டு.

தனியார் கப்பல்: மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்றவை. கட்டணம் ஒருவருக்கு ஒரு வழிக்கு ஏறக்குறைய 1,200 முதல் 2,000 ரூபாய் வரை, இருக்கைக்குத் தக்கபடி மாறும். கப்பலைப் பொறுத்து ஒரு மணி முதல் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். இருக்கை எண்ணோடு இணையத்திலேயே பதிவு செய்யலாம். பெரும்பாலும் மூடிய ஏசி அறையில்தான் உட்கார வேண்டும். வெளிக்காற்று இல்லாவிட்டால் தலை சுற்றும் என்கிறவர்கள் மேல்தளத்தில் நிற்க விடும் கப்பலா என்று பார்த்து எடுங்கள்.

அரசுக் கப்பல்: கட்டணம் குறைவு, இரண்டு மணி நேரம் ஆகும். டிக்கெட் பயண நாளுக்குச் சில நாள் முன்னால்தான் திறக்கும், திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். தீவு மக்களின் அன்றாடப் போக்குவரத்தே அதை நம்பித்தான் நடக்கிறது. நாள் கையில் நிறைய இருப்பவர்களுக்கு நல்ல அனுபவம். முதல்முறை போகிறவர்கள், வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் தனியார் கப்பலே எடுங்கள்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு, இரண்டேகால் மணி நேரம்தான். சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பலும் போகிறது. அது மூன்று நாள் விவகாரம், தினமும் கிடையாது. விடுமுறை குறைவாக உள்ளவர்கள் அதை நினைக்க வேண்டாம்.

4. பெயரும் இனிஷியலும்

இந்தியக் குடிமக்களுக்கு நீல் தீவு போக அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை. அரசு கொடுத்த, படம் ஒட்டிய அடையாள அட்டை போதும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர்கள் கூட வந்தால் அவர்களுக்கு விதி தனி. டிக்கெட் போடும் முன்பே உள்துறை அமைச்சகத்தின் அப்போதைய விதியைப் பார்த்துவிடுங்கள்.

நமக்கு வருகிற சிக்கல் இனிஷியலில்தான். ஆதாரில் "சு. கலா" என்று இருக்கும், வாக்காளர் அட்டையில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், விமானத் தளமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டத்தைக் காட்டும். எந்த அட்டையைக் கையில் எடுத்துப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே விமானத்திலும் கப்பலிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக நிரப்புங்கள். அம்மாவின் கப்பல் டிக்கெட்டில் நான் இனிஷியலை விட்டுவிட்டேன். ஜெட்டியில் இருந்தவர் அட்டையையும் டிக்கெட்டையும் மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். வரிசையில் பின்னால் நூறு பேர் நிற்கும்போது அது தேவையில்லாத படபடப்பு.

எடுத்துப் போக வேண்டியவை: எல்லோருடைய அசல் அட்டை, பிள்ளைகளுக்கு ஆதார் அல்லது பிறப்புச் சான்றிதழ், ஸ்கூட்டர் எடுப்பதாக இருந்தால் அசல் ஓட்டுநர் உரிமம், எல்லா டிக்கெட்டுகளும் காகிதத்தில் அச்சிட்டு இரண்டு பிரதி. போனில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போனில் எதுவும் திறக்காது.

5. அறை

தோப்புக்குள் கட்டிய சாதாரணக் குடில்கள் 1,500 ரூபாயிலிருந்து கிடைக்கும். கடலைப் பார்த்த ஏசி அறை என்றால் 4,000 தாண்டும். பதிவு செய்யும் முன் போன் செய்து நான்கு கேள்வி கேளுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா? இரவுச் சாப்பாடு அங்கேயே கிடைக்குமா? கரைக்கு நடந்து போக எத்தனை நிமிடம்? கப்பல் ரத்தாகி நாங்கள் வர முடியாமல் போனால் முன்பணம் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கான பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தக் கரைப் பக்கம் எடுப்பது? பரத்பூர் ஜெட்டிக்கு அருகில் இருப்பதால் பகலில் கண்ணாடி அடிப் படகும் ஜெட் ஸ்கீயுமாகக் கலகலப்பாக இருக்கும். அமைதி வேண்டும் என்றால் லட்சுமண்பூர் அல்லது சீதாபூர் பக்கம் எடுங்கள். லட்சுமண்பூரில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம், சீதாபூரில் உதிப்பதைப் பார்க்கலாம். நாங்கள் லட்சுமண்பூரில் இருந்தோம், காலையில் கரையில் எங்களைத் தவிர இரண்டு நாய்கள் மட்டும்தான்.

6. பணம்

தீவில் ஏடிஎம்மை நம்பிப் போகாதீர்கள். இருந்தாலும் பணம் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் வரிசை இருக்கும். 2020-ல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் போட்ட பிறகு இணையம் எவ்வளவோ தேறிவிட்டது. ஆனாலும் நீல் தீவில் சில இடங்களில் சிக்னல் சட்டென்று போய்விடும், ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். சாப்பாடு, ஸ்கூட்டர், ஆட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து ரொக்கம் கையில் இருக்கட்டும். 100, 200 நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேருக்கு எங்களுக்கு ஆன செலவு: விமானம் போக வர 33,000, கப்பல் போக வர 9,000, நீல் தீவில் குடும்பக் குடில் நான்கு இரவு 11,200, போர்ட் பிளேரில் இரண்டு இரவு 4,400, சாப்பாடு 11,000, ஆட்டோ ஸ்கூட்டர் எல்லாம் சேர்த்து 5,000. கூட்டினால் 73,600 ரூபாய். இரண்டு மாதம் முன்பே விமானம் போட்டதால் அந்த விலை. வாடகை ஸ்கூட்டர் ஒரு நாளுக்கு 500 முதல் 700 வரை கேட்பார்கள், சைக்கிள் 150, 200. வண்டியை வாங்கும்போதே இருக்கும் கீறல்களைப் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

7. ஜெட்டியில்

போர்ட் பிளேரில் ஹாடோ, ஃபீனிக்ஸ் பே என்று இரண்டு ஜெட்டி. அரசுக் கப்பல் ஃபீனிக்ஸ் பேயிலிருந்தும், தனியார் கப்பல்கள் பெரும்பாலும் ஹாடோவிலிருந்தும் கிளம்பும். ஆட்டோவில் ஏறும் முன் டிக்கெட்டில் எந்த ஜெட்டி என்று பார்த்துச் சொல்லுங்கள், வெறுமனே "ஜெட்டி" என்று சொல்லாதீர்கள். ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். விமான நிலையம் போலவே சோதனை உண்டு.

கடல் மயக்கம் வருகிறவர்கள் மாத்திரையைக் கப்பல் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. எந்த மாத்திரை என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளும் நாலைந்து நாளுக்குக் கூடுதலாகவே இருக்கட்டும். தீவில் ஆரம்ப சுகாதார நிலையம்தான், பெரிய மருத்துவமனை போர்ட் பிளேரில்.

போர்ட் பிளேரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். அபர்டீன் பஜாரில் இட்லி தோசைக்குக் குறைவில்லை. நீல் தீவில் வங்காளமும் இந்தியும்தான். சாப்பாடு மீனும் சோறும் பருப்புமாக வங்காளப் பாணி. காய்கறி அந்தத் தீவிலேயே விளைவதால் சைவக்காரர்களும் பட்டினி கிடக்க வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டை மாலையிலேயே சொல்லிவையுங்கள். எட்டரை ஒன்பதுக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள்.

8. கடிகாரத்தை விட்டுக் கடல் வற்றுவதைப் பாருங்கள்

அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். அதனால் மார்ச்சில் ஐந்தரைக்கு முன்பே விடிந்து, மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் கடலுக்குள் போய்விடுகிறது. டிசம்பரில் அஸ்தமனம் ஐந்து மணிக்கே. சென்னைப் பழக்கத்தில் நாலரைக்கு டீ குடித்துவிட்டு ஆறு மணிக்குக் கரைக்குப் போனால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். இரவு ஒன்பதுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்துவிடுங்கள். நாளின் மிக நல்ல மூன்று மணி நேரம் எட்டு மணிக்குள் வந்து போய்விடும்.

அடுத்தது ஏற்றமும் வற்றமும். இங்கே கரையை ஒட்டிப் பவளப்பாறைத் திட்டு இருப்பதால், கடல் வற்றினால் லட்சுமண்பூரில் நூறடி தூரத்துக்கு வெறும் பாறைதான் தெரியும். முதல்முறை போனபோது நாங்கள் போய் நின்றது அப்படி ஒரு நேரத்தில். "இதற்கா இவ்வளவு செலவு" என்று நொந்துபோய்த் திரும்பினோம். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் இடுப்பளவு பச்சைத் தண்ணீர் நின்றிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், அஷ்டமி பக்கம் குறைவு. போர்ட் பிளேருக்கான அலை அட்டவணை இணையத்தில் கிடைக்கும். நீங்கள் தங்கும் நாட்களுக்கு அதை எழுதி எடுத்துப் போங்கள், அல்லது அறைக்காரரிடம் தினமும் கேளுங்கள். குளிக்க, நீந்த ஏற்ற நேரம். நடக்க, வேடிக்கை பார்க்க வற்ற நேரம். நான்கு இரவு தங்கினால், போன நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் இடையே வற்றம் மூன்று மணி நேரத்துக்கு மேல் நகர்ந்துவிடும். வெயில் ஏறாத வேளையில் ஒரு நாளாவது அது கையில் வரும்.

இயற்கைப் பாலம் என்று சொல்லும் பாறை வளைவைப் பார்க்கப் போவதாக இருந்தால் வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அங்கே இருங்கள். ஏற்றத்தில் அங்கே நடக்க வழியில்லை. ரப்பர் அடி போட்ட, பின்வார் உள்ள செருப்பு கட்டாயம். பாறை வழுக்கும், பவளம் காலைக் கிழிக்கும். அம்மாவால் வளைவுவரை வர முடியவில்லை, முதல் குட்டையின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். திரும்பி வந்தால் அவர்தான் எங்களைவிட அதிகம் பார்த்திருந்தார். குட்டைக்குள் கறுப்பாக, விரல் தடிமனில் கடல் அட்டைகள். பாறை இடுக்கில் பெரிய சிப்பி ஒன்று நீலப் பட்டு போன்ற உதட்டை விரித்து வைத்திருந்தது. அம்மா கையை மேலே கொண்டுபோனார். நிழல் பட்டவுடன் உதடு உள்ளே சுருங்கியது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார், ஒரு நிமிடத்தில் மெல்ல மறுபடி விரிந்தது. எதையும் தொடாதீர்கள், நிழலே போதும்.

9. தண்ணீரில் இறங்கும் முன்

அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில், ஓடை கடலில் கலக்கும் இடத்தில், இருட்டிய பிறகு எங்கேயும் இறங்க வேண்டாம். தெரியாத கரை என்றால் அறைக்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். குளிக்க நாங்கள் பரத்பூருக்குத்தான் போனோம், அங்கே ஆள் நடமாட்டம் உண்டு.

ஸ்கூபா, அதாவது காற்று உருளையை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் போவது, செய்வதாக இருந்தால் முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிடுங்கள். ஸ்கூபாவுக்கும் விமானத்துக்கும் இடையே முழுதாக ஒரு நாள் இருப்பது நல்லது. ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை போன்றவை இருந்தால் கூட்டிப் போகிறவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மணல் ஈயைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கண்ணுக்கே தெரியாது, கடித்தது மறுநாள்தான் தெரியும், ஒரு வாரம் அரிக்கும். விடியலிலும் மாலையிலும் வெறும் மணலில் உட்காராதீர்கள், தடிமனான போர்வையை விரியுங்கள். இறங்கும் முன் முழங்கால்வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது உதவியது.

10. திரும்பும் நாள்

விமானம் ஏறும் அன்றே தீவிலிருந்து கிளம்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முந்தின நாளே போர்ட் பிளேருக்கு வந்துவிடுங்கள், அதுவும் அன்றைய முதல் கப்பலில். அது ரத்தானால் மதியக் கப்பல், அதுவும் போனால் மறுநாள் காலைக் கப்பல் என்று இரண்டு வாய்ப்பு மிச்சம் இருக்கும். அதற்காக விமானத்தைக் காலையில் போடாமல் மதியத்துக்கு மேல் போடுங்கள். போர்ட் பிளேரில் விமானங்கள் பெரும்பாலும் பகலில்தான், ஒன்றை விட்டால் அன்று வேறு கிடைப்பது கடினம். கப்பல் நிறுவனமே ரத்து செய்தால் கப்பல் பணம் திரும்பி வரும். உங்கள் விமானத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை.

கிளம்பும் முன் பெட்டியைச் சோதியுங்கள். பவளத் துண்டும் சங்கும் கரையில் கொட்டிக் கிடக்கும். எடுத்து வருவது குற்றம், பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி எடுத்துக்கொள்வார்கள், வழக்கும் போடலாம். பிள்ளைகளின் கால்சட்டைப் பைகளைக் கரையிலேயே உதறச் சொல்லுங்கள். சட்டம் கிடக்கட்டும், லட்சுமண்பூரில் காலையில் குனிந்து பார்த்தால் அந்தச் சங்குகளில் பாதி நடந்து போகும். காலியாகக் கிடக்கும் மீதிக்குள் அடுத்த நண்டு குடிபுக வேண்டியிருக்கிறது.